குன்னூர் பல்சக்கர ரயிலுக்கு எஸ்பெராந்தோவில் ஒரு பெயர்: ‘தென்த்ராதா ஃபெர்வோயோ’ பிறந்த வழி

கல்லாறு தாண்டியதும் மலை ரயில் பாதையின் நடுவில் பல் தண்டவாளம் தொடங்குகிறது. பல் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள், 44 மி.மீ. இடைவெளியில் பக்கம்பக்கமாக, சக்கரம் ஓடும் தண்டவாளத்தைவிட 64 மி.மீ. உயரத்தில் பதிந்திருக்கும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரங்கள் இந்தப் பற்களைப் பிடித்துத்தான் ஏறுகின்றன. ஒரு பட்டையில் பல் விலகும் நேரத்தில் அடுத்த பட்டையில் பல் பதிந்திருக்கும் என்பதால் பிடி விடுவதே இல்லை. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு இது. வழுவழுப்பான சக்கரம் மட்டும் இருந்தால் இங்கே வழுக்கிவிடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமான் ஆப்ட் வகுத்த இந்த முறை 1885-ல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் நடைமுறைக்கு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ரயில் ஓடத் தொடங்கியது, உதகைக்கு 1908-ல்.

இப்படிப்பட்ட பாதையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியான எஸ்பெராந்தோவில் ‘தென்த்ராதா ஃபெர்வோயோ’ என்று சொல்லலாம். பல்சக்கர இருப்புப்பாதை என்று பொருள். சொல்லாய்வு பழகுவதற்கு இதைவிட நல்ல சொற்றொடர் கிடைப்பது கடினம். நான்கு வேர்கள், இரண்டு கூட்டுச்சொற்கள், ஒரு பெயரடை விகுதி, ஒரு பெயர்ச்சொல் விகுதி. ஒவ்வொன்றும் வந்த வழி வேறு.

முதலில் ஒலிப்பைச் சரிசெய்துகொள்வோம். தமிழ் எழுத்தில் ‘த’ இரண்டு வேலை பார்க்கிறது. எஸ்பெராந்தோவில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ‘தென்த்’ என்பதன் முதல் ஒலி ‘தந்தம்’ என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் மெலிந்த ‘த’. கடைசி ஒலி ‘தாத்தா’வில் வரும் அழுத்தமான ‘த்’. ‘ராத்’ என்பதன் இறுதியும் மெலிந்ததே. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: தென்-த்ரா-தா என்பதில் நடு அசையில், ஃபெர்-வோ-யோ என்பதிலும் நடு அசையில்.

இனி வெட்டுவது. எஸ்பெராந்தோச் சொல்லை வலப்பக்கத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். கடைசியில் ‘ன்’ இருந்தால் அது செயப்படுபொருள் உருபு, கழித்துவிடலாம். அதற்கு முன் ‘ய்’ இருந்தால் பன்மை, அதையும் கழிக்கலாம். பிறகு வருவது சொல்வகையைச் சொல்லும் விகுதி: ‘ஓ’ என்றால் பெயர்ச்சொல், ‘ஆ’ என்றால் பெயரடை, ‘ஏ’ என்றால் வினையடை, ‘ஈ’ என்றால் வினையின் காலம் காட்டாத முதல் வடிவம், நம் ‘செய்ய’ போல. ‘தென்த்ராதோய்ன்’ என்று ஒரு பக்கத்தில் பார்த்தால் ன், ய், ஓ என்று வரிசையாகக் கழிந்து ‘தென்த்ராத்’ மிஞ்சும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. இதில் விகாரம் எழுத வேண்டிய தேவை மட்டும் இல்லை.

மிஞ்சியதை வேர்களாகப் பிரிக்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. ‘தென்த்’, ‘ராத்’ என்று பிரிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் ‘காதாரோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காதார்’ என்று ஒரே வேராகக் கொண்டால் சளி அழற்சி. ‘காத்’, ‘ஆர்’ என்று பிரித்தால் பூனைக் கூட்டம். ‘சென்தேமா’வும் அப்படித்தான். ‘சென்த்-ஏம்-ஆ’ என்றால் எளிதில் உணர்ச்சிவசப்படுகிற, ‘சென்-தேம்-ஆ’ என்றால் கருப்பொருள் இல்லாத. எழுத்து ஒன்றே, வெட்டும் இடம் வேறு. ஒரு சொல்லுக்கு இரண்டு வெட்டு சாத்தியம் என்று தெரிந்தால் இரண்டையும் அகராதியில் வேர்வேராகத் தேடிப் பார்த்து, அது வந்த வாக்கியத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் வரலாற்றுக்குள் போக வேண்டும். தவறான வெட்டிலிருந்து தொடங்கும் ஆய்வு எவ்வளவு உழைத்தாலும் தவறாகவே முடியும்.

இதைவிடப் பெரிய பொறி நம் மலை ரயிலிலேயே இருக்கிறது: ‘லோகோமோதிவோ’. ‘லோக்’ என்று எஸ்பெராந்தோவில் ஒரு வேர் உண்டு, இடம் என்று பொருள். ‘மோதிவ்’ என்றும் ஒன்று உண்டு, தூண்டுகாரணம் என்று பொருள். நடுவில் வரும் ‘ஓ’ இணைப்பொலி மாதிரியே இருக்கிறது. ‘இடத்தின் காரணம்’ என்று பிரித்துவிடத் தோன்றும். ஆனால் எஸ்பெராந்தோவைப் பொறுத்தவரை ‘லோகோமோதிவ்’ ஒரு பகாப்பதம். லத்தீனில் இடத்தைக் குறிக்கும் சொல்லையும் ‘நகர்த்துகிற’ என்ற சொல்லையும் சேர்த்து ஐரோப்பியர் உருவாக்கிய சொல், முழுதாகவே உள்ளே வந்துவிட்டது. பல மொழிகளுக்குப் பொதுவான அயற்சொற்களை எழுத்துமுறை மட்டும் மாற்றி அப்படியே ஏற்கலாம் என்று எஸ்பெராந்தோ இலக்கணத்தின் 15-ஆம் விதி சொல்கிறது. கூட்டல் நடந்தது உண்மை, அது நடந்த இடம்தான் எஸ்பெராந்தோவுக்கு வெளியே.

எஸ்பெராந்தோவுக்குள் நடக்கும் கூட்டலுக்கு விதி 11. சொற்களை அப்படியே அடுத்தடுத்து வைத்துச் சேர்க்க வேண்டும், முதன்மைச் சொல் கடைசியில் நிற்கும், இலக்கண விகுதிகளும் தனிச்சொற்களாகவே கருதப்படும் என்கிறது அது. விதியோடு தரப்பட்ட எடுத்துக்காட்டு ‘வாபோர்ஷீபோ’, நீராவிக் கப்பல்: வாபோர், ஷீப், ஓ. லூ. லா. சாமன்ஹோஃப் 1887-ல் வார்சாவில் தம் மொழியை வெளியிட்டார். பதினாறு விதிகளும் பயிற்சிகளும் ஐந்து மொழிப் பொருள் தரும் சொற்பட்டியலும் 1905-ல் ஒரே அடிப்படை நூலாகத் தொகுக்கப்பட்டன. அதே ஆண்டு பிரான்சின் புலோஞ்-சூர்-மேரில் கூடிய முதல் உலக மாநாடு அதை மொழியின் மாறாத அடித்தளமாக ஏற்றது. குன்னூரில் நின்றிருந்த பாதை உதகையை எட்டுவதற்கு மூன்று ஆண்டு முந்தைய செய்தி இது.

இப்போது வேர்கள். ‘தென்த்’ லத்தீன் வழி வந்தது. லத்தீனில் பல்லுக்கு ‘தென்ஸ்’, உருபு ஏற்கும்போது ‘தென்திஸ்’. இத்தாலியில் ‘தென்தே’, பிரெஞ்சில் எழுத்தளவில் ‘தென்த்’ என்றே இருந்தாலும் ஒலிப்பு ‘தாங்’. சாமன்ஹோஃப் பெரும்பாலும் பல மொழிகளில் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையே எடுத்தார். எந்த ஒரு மொழியின் ஒலிப்பையும் அவர் முழுதாகப் பின்பற்றுவதில்லை. ‘ராத்’ ஜெர்மன். அங்கே சக்கரத்துக்கு ‘ராட்’. பிரெஞ்சில் ‘ரூ’, போலிஷில் ‘கோவோ’, ரஷ்யனில் ‘கலெசோ’ என்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பக்கம் இழுக்க, அவர் ஜெர்மன் வடிவத்தைத் தேர்ந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ராதியோ’ என்று வேறொரு சொல் இருக்கிறது, கதிர் என்று பொருள். அது லத்தீன் ‘ராதியுஸ்’ வழி வந்தது. அந்த லத்தீன் சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. பொருளும் சக்கரத்தைச் சுற்றுகிறது, ஒலியும் ஒட்டுகிறது என்பதால் ‘ராதோ’வையும் ‘ராதியோ’வையும் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி வேர்கள், மூலமும் தனித்தனி. ஜெர்மன் ‘ராட்’ சொல்லின் உண்மையான உறவு லத்தீன் ‘ரோதா’ (சக்கரம்), சமஸ்கிருத ‘ரத’.

இந்த உறவு தமிழ்வாசகருக்குச் சுவையானது. ‘தென்த்’ என்பதற்கும் சமஸ்கிருத ‘தந்த’ என்பதற்கும் இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்றே. அந்தச் சமஸ்கிருதச் சொற்கள் தமிழுக்குத் தந்தமாகவும் ரதமாகவும் வந்து சேர்ந்தன. ஆகவே ‘தென்த்ராதோ’வின் இரண்டு பாதிகளுக்கும் ஒன்றுவிட்ட உறவுகள் நம் வாயிலேயே இருக்கின்றன. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு ரயிலைக் குறிக்கப் ‘புகையிரதம்’ என்ற இலங்கைத் தமிழ்ச் சொல் நன்கு தெரியும். அதன் பின்பாதியும் இந்த ‘ராத்’தும் மிகத் தொலைவான உடன்பிறப்புகள். ஆனால் இதை வைத்து எஸ்பெராந்தோ சமஸ்கிருதத்திலிருந்தோ தமிழிலிருந்தோ எடுத்தது என்று சொன்னால் அது பிழை. எஸ்பெராந்தோவுக்கு உடனடி மூலம் லத்தீன் வழி மொழிகளும் ஜெர்மனும். அதற்கு மேல் போவது லத்தீனின் வரலாறு, ஜெர்மனின் வரலாறு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பது சொல்லாய்வில் பாதி வேலை.

‘ஃபெர்’ இரும்பு: லத்தீன் ‘ஃபெர்ரும்’, இத்தாலி ‘ஃபெர்ரோ’, பிரெஞ்சு ‘ஃபெர்’. ‘வோய்’ வழி: பிரெஞ்சு ‘வுவா’ என்று ஒலிக்கும் சொல்லின் எழுத்து வடிவத்தை ஒட்டியது, பின்னால் லத்தீன் ‘வியா’. இவற்றில் தகராறு இல்லை, கடந்துபோகலாம்.

வேர்களின் ஊரைச் சொல்லிவிட்டதோடு பெரும்பாலான குறிப்புகள் நின்றுவிடுகின்றன. ‘தென்த்ராதோ: லத்தீன் தென்த் + ஜெர்மன் ராட்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது பாதி வரலாறு மட்டுமே. பல்லையும் சக்கரத்தையும் இந்த வரிசையில், பெயரோடு பெயராக, உருபில்லாமல் அடுக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு மொழிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரெஞ்சில் பல்சக்கரம் ‘ரூ தாந்தே’. சக்கரம் முன்னே, ‘பல்லுள்ள’ என்ற அடைமொழி பின்னே. போலிஷிலும் ‘கோவோ ஸெம்பாத்தே’, சக்கரம் முதலில், பல்லுள்ள என்பது அடுத்து. ரஷ்யனில் அடைமொழி முன்னே வந்தாலும் அது பெயரடைதான், கூட்டுச்சொல் கிடையாது. ஜெர்மனில் மட்டும் ‘ட்ஸான்ராட்’: ட்ஸான் பல், ராட் சக்கரம், இரண்டு பெயர்ச்சொற்கள் நேராக ஒட்டி. ஆங்கிலத்தின் ‘காக்வீல்’ அமைப்பும் அதுவே, ஆனால் பின்பாதி ‘ராத்’தோடு ஒத்துப்போவது ஜெர்மனில்தான். ஆகவே ‘தென்த்ராதோ’வின் முன்பாதி லத்தீன், பின்பாதி ஜெர்மன், கட்டிய முறை ஜெர்மன். முன்பாதியை மட்டும் மாற்றிய ‘ட்ஸான்ராட்’ என்று சொல்வதே பொருந்தும்.

‘ஃபெர்வோயோ’வில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. இரும்பையும் வழியையும் சேர்த்து ரயில்பாதைக்குப் பெயர் வைத்த மொழிகள் ஐரோப்பாவில் ஏராளம். ஜெர்மனில் ‘ஐசன்பான்’, பிரெஞ்சில் ‘ஷெமாங் த ஃபெர்’, இத்தாலியில் ‘ஃபெர்ரோவியா’, ரஷ்யனில் ‘ஜெலேஸ்னயா தரோகா’. சாமன்ஹோஃப் வளர்ந்த பியாவிஸ்தோக் நகரில் புழங்கிய, ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலும் ‘ஐஸன்பான்’. ஒலியில் எஸ்பெராந்தோவுக்கு மிக நெருக்கம் இத்தாலி, பெயரோடு பெயரை நேராக ஒட்டுவதில் ஜெர்மனும் இத்திஷும் நெருக்கம், கருத்து எல்லாருக்கும் பொது. இந்த நிலையில் ‘இது இன்ன மொழியின் மொழிபெயர்ப்பு’ என்று ஒரே மொழியைக் காட்டுவது ஊகம்தான். பொதுக் கருத்து, லத்தீன் வழி வேர்கள், எஸ்பெராந்தோவின் சொந்த அடுக்குமுறை என்று எழுதுவதே நேர்மை.

தமிழின் ‘இருப்புப்பாதை’யே இந்த எச்சரிக்கைக்குச் சான்று. இரும்பு, பாதை இரண்டும் சேர்ந்த சொல். ‘ஃபெர்வோயோ’வை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தது போல இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரே பொருளைப் பார்த்த இரண்டு மொழிகள், கண்ணில் பட்ட இரும்பை வைத்துப் பெயரிட்டன. அமைப்பு ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சாட்சியாகாது.

அமைப்பை விளக்குவதற்கு ஐரோப்பிய இலக்கண நூல்களைவிட நம் தொகைநிலை இலக்கணம் நன்றாகப் பொருந்துகிறது. விதி 11 அடுக்கச் சொல்கிறதே தவிர, இரு பாதிகளுக்கும் என்ன உறவு என்று சொல்வதில்லை. அதைக் கேட்பவர்தான் உணர்ந்துகொள்ள வேண்டும். ‘தென்த்ராதோ’ பல்லை உடைய சக்கரம், இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘ஃபெர்வோயோ’ இரும்பால் ஆன வழி, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நீராவியால் ஓடும் கப்பலான ‘வாபோர்ஷீபோ’வும் மூன்றாம் வேற்றுமையே, தொக்க பயன் மட்டும் வேறு. வரிசையை மாற்றி ‘ராதோதென்தோ’ என்றால் சக்கரத்தின் பல், ஆறாம் வேற்றுமைத்தொகை. பல் தேய்ந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தென்த்ராதோ’ என்று எழுதினால் முழுச் சக்கரத்தையே மாற்றச் சொன்னதாகிவிடும். தமிழிலும் தலைச்சொல் கடைசியில்தான். ஆகவே சக்கரத்தை முதலில் சொல்லிப் பழகிய பிரெஞ்சுக்காரரைவிட நமக்கு இந்த வரிசை இயல்பாக வரும்.

புணர்ச்சியில்தான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. பல், சக்கரத்தோடு சேரும்போது லகரம் றகரமாகிப் பற்சக்கரம் ஆகிறது. இரும்பு, பாதையோடு சேரும்போது மெல்லினம் வல்லினமாகி, ஒற்றும் மிகுந்து, இருப்புப்பாதை ஆகிறது. எஸ்பெராந்தோவில் வேர் ஒருபோதும் மாறாது. வாயில் ஒலி முட்டினால் மட்டும் முதல் சொல்லின் ‘ஓ’ விகுதியை நடுவில் விட்டுவைக்கலாம். ‘ராத்’தையும் ‘தென்த்’தையும் நேராக ஒட்டினால் ஒரே ஒலி இரண்டு முறை மோதும், அதனால்தான் ‘ராதோதென்தோ’. ‘தென்த்ராதோ’வில் ‘த்ர’ எளிதாக வருவதால் தேவையில்லை, ஆனாலும் ‘தென்தோராதோ’ என்று எழுதினால் பிழையல்ல. இந்த ‘ஓ’வுக்குப் பொருள் எதுவும் இல்லை. அதைத் தனி உறுப்பாக எண்ணி வரலாறு தேடுவது வீண்.

நான்கு வேரையும் ஒரே சொல்லாக, ‘தென்த்ராத்ஃபெர்வோயோ’ என்று ஒட்ட விதியில் தடையில்லை. ஜெர்மனில் ‘ட்ஸான்ராட்பான்’ என்று ஒரே சொல்லாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எஸ்பெராந்தோவில் இவ்வளவு நீளத்தை வாசகர் எங்கே மடிப்பது என்று தடுமாறுவார். பல்சக்கரத்தையும் இருப்புப்பாதையையும் தனித்தனியே மடித்த பிறகுதான் இரண்டும் சேர வேண்டும். நடுவில் ‘ராத்-ஃபெர்’ சேர்ந்துவிட்டால் ‘சக்கர இரும்பு’ என்று அர்த்தம் கெட்டுவிடும். முதல் கூட்டுச்சொல்லுக்கு ‘ஆ’ விகுதி கொடுத்துப் பெயரடையாக்கினால் மடிப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘தென்த்ராதா ஃபெர்வோயோ’ என்று இரண்டாக எழுதுவதற்கு இதுவே காரணம். நடுவில் கிடக்கும் பல் தண்டவாளத்தைச் சொல்ல ‘ரேல்’ என்ற வேரைக் கொண்டு ‘தென்த்ரேலோ’ என்று விதிப்படி கட்டலாம்.

வண்டிக்குள் இருக்கும் மற்றப் பெயர்களையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். ‘வாகோனாரோ’ பழைய எஸ்பெராந்தோ நூல்களில் ரயிலுக்கு வழங்கிய சொல்: வாகோன் என்பது பெட்டி, ‘ஆர்’ தொகுதியைக் காட்டும் ஒட்டு. பெட்டிகளின் தொகுதி ரயில், மோன்த் என்ற மலை வேரோடு அதே ‘ஆர்’ சேர்ந்தால் ‘மோன்தாரோ’, மலைத்தொடர். நீலகிரி அப்படி ஒரு மோன்தாரோ. மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன் ‘ப்ரெம்சிஸ்தோ’. ப்ரெம்ஸ் ஜெர்மன் வழி, ‘இஸ்த்’ கிரேக்கத்தில் தொடங்கி லத்தீன் வழி ஐரோப்பா முழுக்கப் பரவிய தொழில் ஒட்டு. இங்கே கவனிக்க வேண்டியது, ‘ப்ரெம்சோ’ என்றாலே பிரேக் என்ற கருவி. வேரே பெயர்த்தன்மை உடையது என்பதால் கருவியைக் காட்டும் ‘ஈல்’ ஒட்டு வேண்டாம். சீப்புக்கு மட்டும் ‘கொம்பீலோ’ என்று ‘ஈல்’ வருகிறதே என்றால், அங்கே வேர் ‘வாருதல்’ என்ற வினை. ஒரு வேர் பெயரா, வினையா என்று அகராதியில் பார்க்காமல் ஒட்டுகளின் வரலாற்றை எழுத முடியாது.

அகராதி என்றால் எது? ‘முழுமையான படவிளக்க அகராதி’ என்று பொருள்படும் பெயருடைய பெரிய அகராதி 1970-ல் வந்தது, பின்னர் திருத்தப்பட்டது. அதில் நட்சத்திரக் குறி இட்ட வேர் 1905 அடிப்படை நூலில் உள்ளது. எண் இட்ட வேர், எஸ்பெராந்தோ அகாதமி 1909 முதல் அவ்வப்போது வெளியிட்ட அதிகாரபூர்வச் சேர்க்கைகளில் எத்தனையாவதில் வந்தது என்பதைச் சொல்லும். குறி எதுவும் இல்லாதது அதிகாரபூர்வமாக ஏற்கப்படாமல் புழக்கத்தில் மட்டும் உள்ளது. வேர்களின் மூலமொழிக்கு ஸ்வீடன் அறிஞர் எப்பே வில்போர்யின் ஐந்து தொகுதிச் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. 1989-க்கும் 2001-க்கும் இடையில் வெளிவந்தது. வேர்களுக்குத்தான் அது வழிகாட்டி. கூட்டுச்சொற்களின் அமைப்பை நாமே மொழிகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உதகமண்டலம் என்ற பெயரின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கு 1821-ல் மெட்ராஸ் கெசட்டில் வந்த கடிதத்தின் ‘வோட்டோகிமண்ட்’ போன்ற சிதைந்த ஆங்கில எழுத்துக்கூட்டல்களுக்கு முன்னால் எழுத்து வடிவம் கிடைப்பது அரிது. எஸ்பெராந்தோவில் அந்தக் குறை இல்லை. மொழி பிறந்த ஆண்டு தெரியும், முதல் பத்தாண்டுகளின் இதழ்கள் வருடி வைக்கப்பட்டுள்ளன. ஆனால் தேடும் முறை தெரியாவிட்டால் அவை இருந்தும் கிடைக்காது. முழுச் சொல்லைத் தட்டினால் பன்மையும் உருபும் ஏற்ற வடிவங்கள் தப்பிவிடும், எனவே விகுதியை விட்டு ‘தென்த்ராத்’ வரை மட்டும் தேட வேண்டும். இணைப்பு ‘ஓ’வோடு ஒரு முறை, நடுவில் சிறு கோட்டோடு ஒரு முறை தனியாகத் தேட வேண்டும். 1887 நூலில் உறுப்புகளுக்கு இடையே காற்புள்ளி இட்டிருப்பார்கள், பிந்தைய சொற்பட்டியலில் மேற்கோள் குறி இருக்கும். வருடிய பக்கத்தைப் படிக்கும் மென்பொருள் அங்கே ஒரு சொல்லை மூன்று துண்டாக எடுத்துவைக்கும். அதனால் அந்த நூல்களில் ஒவ்வொரு வேரையும் தனியாகத் தேடி, பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே வழி. ‘வாபோர்ஷீபோ’ போலத் தொப்பிக் குறி இட்ட எழுத்துள்ள சொற்களில் இன்னொரு தொல்லை. தட்டச்சில் தொப்பிக்குப் பதிலாகச் சிலர் ‘எக்ஸ்’ எழுத்தையும் சிலர் ‘எச்’ எழுத்தையும் சேர்த்திருப்பார்கள், சில வருடிகள் தொப்பியையே விழுங்கிவிடும். நான்கு எழுத்துக்கூட்டலிலும் தேடிய பிறகுதான் ஒரு சொல் இன்ன ஆண்டுக்கு முன் இல்லை என்று எழுத வேண்டும்.